கொண்டைக்காரிகள்

பொழுது வெளுப்பதற்குள் தொட்டியில் ஆவி பறக்க வேண்டும். இல்லையென்றால் சூப்பர்வைசரின் வாயிலிருந்து பறக்கும். பொம்மைத் தொழிற்சாலையின் பின்கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, அவள் ஹீட்டரைப் போட்டுவிட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டாள். தண்ணீர் முனகத் தொடங்கியது. எதிரே இரண்டாம் மெஷின் அதற்குள் 'டப், டப்' என்று அடித்துக்கொண்டிருந்தது. உருகிய பிளாஸ்டிக்கின் நாற்றம் கொட்டகை முழுக்க அப்பியிருந்தது. அந்த நாற்றத்துக்குப் பழகிவிட்டேன் என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள். யாரும் பழகுவதில்லை, மூக்கு செத்துப்போகிறது, அவ்வளவுதான்.

அவளைத் தொழிற்சாலை முழுவதும் வெந்நீரக்கா என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே சமயத்தில் மறந்துபோகும். காலையிலிருந்து மாலைவரை வெந்நீரில் கைவிட்டு எடுக்கிற பிழைப்பு. விரல்நுனி எப்போதும் ஊறி வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். உப்புப் பட்டால் உயிர் போய் உயிர் வரும்.

வெந்நீர் எதற்கு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அந்த வருஷம் வந்த புது உருப்படி ஒரு டைனோசர். கைநீளம் இருக்கும், பெரிய மாதிரிப் பொம்மை. பெட்டியில் அதன் பெயர் ஒரு முழத்துக்கு அச்சடித்திருந்தது: பாராசாரோலோபஸ். முதல் நாள் அந்தப் பெயரைச் சொல்லப்போய் சூப்பர்வைசர் நாக்கைச் சுளுக்கிக்கொண்டார். இலைதழை தின்கிற சாதுப் பிராணி. வாத்து மூக்கு. நெற்றியில் கிளம்பித் தலைக்குப் பின்னால் நீண்டு வளைந்து போகும் ஒரு கொண்டை. அதைப் பார்த்ததும் இரண்டாம் மெஷின் ஓட்டுகிற சுருட்டை, "அடி ஆத்தி, என்னைவிடப் பெரிய கொண்டை போட்டிருக்காளே!" என்றாள். அன்றிலிருந்து அதற்குக் கொண்டைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கொண்டை கனமாக இருந்தால் பொம்மை நிற்காமல் சாய்ந்துவிடும். அதனால் அதைத் தனியாக, உள்ளே குழலாக வார்த்து, பிறகு தலையில் ஒட்டுவார்கள். வினையே அந்தக் குழலில்தான். அச்சுக்குள் இருக்கும் இரும்புத் தண்டை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நன்றாக ஆறவிட்டால் தானாகக் கழன்று விழும். ஆறவிட யாருக்குப் பொறுமை? ஆர்டர் பெரியது. முதலாளி ஆறுகிற நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். பாதி ஆறிய கொண்டை தண்டிலேயே ஒட்டிக்கொண்டது. ஓட்டுகிறவள் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. பிடுங்குகிற வேகத்தில் கொண்டை நெளிந்துபோகும். நெளிந்ததை வெந்நீரில் போட்டு, மரக்கட்டையில் செதுக்கிய பள்ளத்தில் வைத்து அழுத்தி, பழைய வளைவுக்குக் கொண்டுவருவது வெந்நீரக்காவின் வேலை. அவள் கைபட்டால் எந்த நெளிசலும் தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மெஷினுக்கு ஒரு பாதுகாப்புக் கதவு உண்டு. அதை இழுத்துச் சாத்தினால்தான் ஒரு சுவிட்ச் அமுங்கும். அது அமுங்கினால்தான் அச்சு மூடும். கதவு திறந்திருந்தால் அச்சு அசையாது. ஆள் கையைக் காப்பாற்றவே வைத்த ஏற்பாடு. ஒருநாள் முதலாளி இரண்டாம் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். சுருட்டை கதவைத் திறப்பதையும் சாத்துவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"இந்தக் கதவாலதான்டா பாதி நேரம் போகுது. அந்த சுவிட்சை அமுக்கிக் கட்டிப் போடு."

"சார், அது ஆபத்து."

"எனக்குப் பாடம் எடுக்காத. கட்டுன்னா கட்டு."

மெக்கானிக் கட்டினான். கம்பியால் சுற்றி முறுக்கினான். முதலாளி சொன்னது அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மெக்கானிக், வெந்நீரக்காவின் கூடப்பிறந்த தம்பி. அவள்தான் சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

கம்பி கட்டிச் சில நாள் ஆகியிருந்தது. அன்று காலை வெயில் ஏறுகிற நேரம். கண் எழுதும் பெரியவர் சாப்பாட்டு இடைவேளையில் செய்கிற கூத்தைப் பற்றிச் சுருட்டை சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவர் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர், வாய்ச்சவடால் பேர்வழி. ஒட்டாத கொண்டையின் வாயை உதட்டில் வைத்து, பேனா மூடியை ஊதுவதுபோல ஊதிக் காட்டுவார். பன்றிக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். "பெட்டியில போட்டிருக்குப் பாருங்க," என்பார். "'கூர்மையான பல் கிடையாது, நகம் கிடையாது. கொண்டை வழியாக ஒலி எழுப்பிக் கூட்டத்தை அழைத்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.' பல்லும் இல்ல, நகமும் இல்ல, சத்தம் மட்டும்தான். நம்ம ஆளுதான் போ!"

"இன்னைக்கு நானும் ஊதிப் பாக்கப்போறேன்க்கா," என்று சுருட்டை இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கை அச்சுக்குள் இருந்தது. அச்சு மூடியது.

முதலில் சத்தமே வரவில்லை. மெஷின் சத்தம் ஒன்று குறைந்ததுதான் வெந்நீரக்காவுக்குத் தெரிந்தது. பிறகு சுருட்டை கத்தினாள். அடக் கடவுளே, அந்தக் கத்தல்! தம்பி எங்கிருந்தோ பாய்ந்து வந்து மின்சாரத்தை நிறுத்தினான். அச்சைக் கையாலேயே திருகித் திறந்தான். திறக்கிற நேரம் ஒரு யுகமாக இருந்தது. வெந்நீரக்கா பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்திருந்தாள். கை வெளியே வந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வரவில்லை.

முதலாளி ஓடிவந்தார். நியாயமாக என்ன கேட்டிருக்க வேண்டும்? புள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். அந்த மனுஷன் அச்சுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்:

"அச்சு நல்லா இருக்கா?"

சுருட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் சுவிட்சில் இருந்த கம்பி காணாமல் போயிருந்தது. அச்சைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வேறொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அன்று யாரும் சாப்பிடவில்லை. பெரியவர் கொண்டையைத் தொடவுமில்லை. மத்தியானம் இரண்டாம் மெஷினிலிருந்து வந்த முதல் கூடையை வெந்நீரக்கா தொட்டியில் கொட்டினாள். தண்ணீர் லேசாகச் சிவந்தது. அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

வேலை முடிகிற நேரத்தில் முதலாளி அவளை அறைக்குள் கூப்பிட்டார். குளிர்ந்த அறை. மேசைமேல் வண்ணம் பூசிய கொண்டைக்காரி ஒன்று பளபளவென்று நின்றது.

"உக்காரும்மா."

இத்தனை வருஷத்தில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நின்றாள்.

"நடந்தது நடந்துபோச்சு. பாவம், அந்தப் பொண்ணு அவசரக்காரி. சீக்கிரம் முடிக்கலாம்னு தானே கம்பியைச் சுத்திக்கிட்டா. அப்படித்தானே?"

"அவளுக்கு அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியாது சார்."

"அப்படியா? அப்ப யாரு கட்டினது? மெக்கானிக்கா?" முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மெக்கானிக் உன் தம்பிதானே?"

அவள் மேசைமேல் நின்ற கொண்டைக்காரியைப் பார்த்தாள்.

"நாளைக்கு விபத்தை விசாரிக்க அதிகாரி வர்றார். அவளுக்கு நேர் எதிர்ல நின்னது நீ. உன்னைத்தான் கேப்பார். நல்லா யோசிச்சுக்கோ. ஒண்ணு, அவ கட்டினா. இல்லன்னா உன் தம்பி கட்டினான். அவன் உள்ள போவான். மூணாவது ஆளு கிடையாது."

அவள் திரும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுருட்டை கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை பெரிய வெள்ளை மூட்டையாக மடியில் கிடந்தது. முடி முகமெல்லாம் பரவிக் கிடந்தது. பக்கத்து மேசையில் பழக்கூடை ஒன்று, பிரிக்காமல் இருந்தது.

"சூப்பர்வைசர் கொண்டுவந்தான்," என்றாள் சுருட்டை. "நானேதான் கட்டிக்கிட்டேன்னு அதிகாரிகிட்டச் சொல்லணுமாம். சொன்னா வைத்தியச் செலவைப் பாத்துக்குவாங்களாம். ஏன்க்கா, விரலைக் குடுத்தேன். பொய்யையும் நான்தான் குடுக்கணுமா?"

வெந்நீரக்காவுக்குத் தம்பியின் முகம் கண்ணுக்குள் நின்றது.

"உன் தம்பிமேல எனக்குக் கோவமில்ல," என்றாள் சுருட்டை, கேட்காமலே. "அவனைக் கட்டச் சொன்னவனை நான் பாத்தேன். நீயும் பாத்த." பிறகு முகத்தில் விழுந்த முடியைத் தோளால் தள்ளிப் பார்த்தாள். முடியவில்லை. சிரிக்க முயன்றாள். "இனி கொண்டை போடக்கூட ஆள் வேணும்க்கா எனக்கு."

வெந்நீரக்கா கட்டிலின் பின்னால் போய் உட்கார்ந்து, அவள் முடியை அள்ளிச் சேர்த்து, சிக்கெடுத்து, இறுக்கமாகக் கொண்டை போட்டுவிட்டாள். உரிந்த விரல்களில் முடி சிக்கி எரிந்தது. சுருட்டையின் தோள் குலுங்கியது.

வீட்டுக்கு வந்தபோது தம்பி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கைதான்க்கா கட்டிச்சு."

"கட்டச் சொன்ன வாய் யாரோடது?"

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். நானும் அவன் கட்டச் சொன்னப்ப ஓடிவந்து தடுத்திருக்கலாம். அத்தனை பேரும் காதைப் பொத்திக்கிட்டுத்தானே நின்னோம்!" அவளுக்குக் குரல் உயர்ந்தது. "இன்னொண்ணு சொல்லட்டுமா? ஆறவிடாமப் புடுங்கின கொண்டை எல்லாம் நெளிஞ்சுதான் வந்துச்சு. அப்படியே போயிருந்தா ஆர்டர்காரன் மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பான். முதலாளி தானா வேகத்தைக் குறைச்சிருப்பான். நான் என்ன பண்ணினேன்? என் கை சாமர்த்தியத்தை எல்லாம் காட்டி ஒவ்வொண்ணையும் சரிபண்ணி அனுப்பினேன். அவன் பண்ணின அநியாயத்துக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தேன்டா நான்!"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அக்கா அழுது அவன் பார்த்ததில்லை.

"நாளைக்கு உண்மையைச் சொன்னா உன்னைச் சும்மா விடமாட்டாங்க," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதுதான் எனக்கு உதறுது."

"பொய் சொன்னா மட்டும் நான் சும்மா இருந்துடுவேனாக்கா? நாளைக்கு வேற மெஷின்ல கட்டுன்னு சொல்வான். அப்ப என்ன பண்றது?"

மறுநாள் விடியற்காலை, ஆலைக் கதவுக்கு வெளியே, இருவரும் முதலில் வந்து நின்றார்கள். வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, முதலாளி சொன்னதைக் காதால் கேட்டபடியே அதிகாரியிடம் சொல்லச் சொல்லி வெந்நீரக்கா பேசினாள். மெஷின் ஓட்டுகிற பெண்கள், ஒட்டுகிறவர்கள், வண்ணம் பூசுகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். சுருட்டையின் இடத்தில் நிறுத்தப்பட்டவள், "எனக்குக் கைக்குழந்தை இருக்குக்கா, என்னை விட்டுடுங்க," என்று முதலில் நழுவப் பார்த்தாள்.

"சுருட்டைக்கும் பிள்ளை இருக்கு," என்றார் பெரியவர். இன்றைக்கு அவர் குரலில் கேலி இல்லை. "அவ நின்ன இடத்துலதான் நீ நிக்கிற. கம்பியை எடுத்துட்டான்னு நினைக்காத. அதிகாரி போனதும் திரும்பக் கட்டுவான்."

அவள் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு கூட்டத்துக்குள் வந்து நின்றாள்.

அன்று எல்லா மெஷினிலும் கதவைச் சாத்தித்தான் ஓட்டினார்கள். முந்தின நாள் மிஞ்சிய நெளிந்த கொண்டைகள் வெந்நீரக்காவின் மேசைமேல் மலையாகக் குவிந்து கிடந்தன. அவள் ஹீட்டரைத் தொடவே இல்லை. தொட்டியில் பச்சைத் தண்ணீராகவே கிடந்தது. சூப்பர்வைசர் வந்து கத்தினார். "தண்ணி சுடல சார்," என்றாள். "ஹீட்டரைப் போடு!" என்றார். "கை வலிக்குது சார்," என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

அதிகாரி வந்தார். முதலாளி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் மெஷினைச் சுற்றிக் காட்டினார். "பாருங்க, கதவு கச்சிதமா இருக்கு. அந்தப் பொண்ணுதான் அவசரத்துல கட்டிக்கிச்சு. வேணும்னா எதிர்ல வேலை செய்யற இந்த அம்மாவையே கேளுங்க."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. யார் கட்டினது?"

மெஷின்கள் நின்றிருந்தன. யார் நிறுத்தியது என்று தெரியவில்லை. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"சார், நேத்து முதலாளி என்னை அறைக்குள்ள கூப்பிட்டார். ஒண்ணு அவ கட்டினா, இல்லன்னா என் தம்பி கட்டினான், மூணாவது ஆளு கிடையாதுன்னார்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மூணாவது ஆளு இருக்கார் சார். உங்க பக்கத்துலயே நிக்கிறார்."

"ஏய்!" என்றார் முதலாளி. "நாக்கு ரொம்ப நீளுது. வேலை வேணாமா உனக்கு?"

தம்பி முன்னால் வந்தான். "கம்பியைச் சுத்தினது என் கைதான் சார். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். சுத்தச் சொன்னது இவர். ஆபத்துன்னு சொன்னேன். கட்டுன்னா கட்டுன்னார்."

"பொய்! அக்காளும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடறாங்க!"

"நானும் கேட்டேன் சார்," என்றார் பெரியவர், தூரிகையைக் காதில் செருகிக்கொண்டே.

"நான் கேட்டேன்," என்றாள் ஒட்டுகிற மேசையிலிருந்து ஒருத்தி. "நானும்." "நானும் அங்கதான் இருந்தேன்." கடைசியாகச் சுருட்டையின் இடத்தில் நின்றவள், கைக்குழந்தைக்காரி, மெஷினுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "நேத்து சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி அந்தக் கம்பியை சூப்பர்வைசர் கழட்டிப் பைக்குள்ள போட்டதை நான் பாத்தேன் சார்," என்றாள்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "விசாரணை நடக்கும்," என்றார். "மெக்கானிக்கும் வரவேண்டியிருக்கும்." எப்போது, என்னவாகும், யார் பக்கம் நிற்பார் என்பதெல்லாம் அவர் முகத்தில் இல்லை. வண்டியேறிப் போய்விட்டார். வண்டியின் புழுதி அடங்குவதற்குள் முதலாளி கத்தினார்: "அத்தனை பேரும் வெளிய போங்க! நாளைக்கே வேற ஆளு வரும். கொண்டை ஒட்டறதுக்கு ஆளா கிடைக்காது?"

போனார்கள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. ஆலைக் கதவுக்கு வெளியே, வெயிலில், வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பயம் ஒவ்வொருவர் முகமாக எட்டிப் பார்த்தது. வாடகை, பிள்ளைகள், நாளைய அடுப்பு. தம்பி தரையைக் கிளறிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன ஆகுமோ என்று வெந்நீரக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தது சரிதான். சரியாக இருந்தால் பயம் போய்விடுமா என்ன?

அப்போது தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுருட்டை இறங்கினாள். வெள்ளை மூட்டைக் கையை மார்போடு அணைத்தபடி நடந்து வந்தாள். நேற்றுப் போட்ட கொண்டை கலையாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில விட்டாங்களாடி?" என்று கேட்டாள் வெந்நீரக்கா.

"யாரைக் கேக்கணும்? நானே வந்துட்டேன்." வெந்நீரக்காவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பெரியவரே, நேத்து ஊதிப் பாக்கணும்னு இருந்தேன். முடியாமப் போச்சு. இருக்கா?"

பெரியவர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். நெளிந்த கொண்டை ஒன்று வெளியே வந்தது. "நான் மட்டும்தான் எடுத்தேன்னு நினைச்சேன்," என்று சுற்றிலும் பார்த்தார். ஒருத்தி மடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். இன்னொருத்தி பைக்குள்ளிருந்து. எப்போது எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. வெந்நீரக்காவும் தன்னிடம் இருந்ததை எடுத்தாள். அது இரண்டாம் மெஷினில் வந்தது. சரிசெய்யாதது.

சுருட்டை நல்ல கையால் கொண்டையைப் பிடித்து உதட்டில் வைத்து ஊதினாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடி ஊதினாள். கட்டைக் குரலில், அசிங்கமாக, ஒரு முழக்கம் கிளம்பியது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சேர்ந்து ஊதினார். பிறகு தம்பி. பிறகு அந்தக் கைக்குழந்தைக்காரி. நெளிந்த கொண்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுதியில் அலறின. தெருவே திரும்பிப் பார்த்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக் கொட்டகை. அதுவும் இதே முதலாளியுடையதுதான். கொண்டைக்காரியின் பெட்டிகளை அங்கேதான் மடித்து ஒட்டுவார்கள். நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும் வெட்டு மெஷினின் சத்தம் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். திடீரென்று அது நின்றது. அந்தக் கொட்டகையின் தகரக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. மேலெல்லாம் அட்டைத்தூள் அப்பியவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, சுருட்டையின் கையைப் பார்த்து, அப்படியே நின்றார்கள்.

முதலாளி ஆலைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எவன்டா அது ஊதினது? யாரு ஊதினது?"

வெந்நீரக்கா எழுந்து நின்றாள். கூடவே சுருட்டை எழுந்தாள், தம்பி எழுந்தான், வரிசை முழுவதும் எழுந்து நின்றது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

"நான்தான்," என்றார்கள் அத்தனை பேரும்.